நீல மூலையில் யாரும் இல்லை

என் மகன் முதல் தங்கப் பதக்கம் வாங்கிய அன்று அவனை யாரும் அடிக்கவில்லை. அவனும் யாரையும் அடிக்கவில்லை. சிவப்பு உடுப்பும் கையுறையும் அணிந்து, கயிறுகளுக்கு நடுவே குனிந்து குத்துச்சண்டை மேடைக்குள் போனான். நீல மூலையில் யாரும் இல்லை. எதிராளியின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மணி அடித்தது. நடுவர் வந்து என் மகனின் கையைத் தூக்கிப் பிடித்தார். கண்டியில் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினேன். அந்த மூலை காலியாக இருக்கப்போகிறது என்பது எனக்கு முன்பே தெரியும்.

நான் மாத்தளையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவருக்கு எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பும் அங்கேதான். மகன் பதினான்கு வயதிலேயே அப்பாவின் சட்டையைப் போடுமளவுக்கு வளர்ந்துவிட்டான். டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், ஒரு காலத்தில் பொக்சிங் ஆடியவர், பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கினார். மகன் அவரிடம் போய்ச் சேர்ந்தான். அவன் அவரை சேர் என்பான், பெரியவர்கள் நாங்கள் மாஸ்டர் என்போம். நான் வேண்டாம் என்றேன். அழுதுகூடப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை.

மாஸ்டருக்கு எழுத்து வேலை வராது. போட்டிக்கு அனுப்பும் விண்ணப்பப் பத்திரங்களை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு மெல்ல மெல்ல என் தலையில் விழுந்தது. மகன் முதன்முதலாகப் போட்டிக்குப் போக இருந்த நேரம், எந்த எடையில் யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை மாஸ்டர் என்னிடம் தந்தார். மகனின் எடைக்கு ஏழு பெயர்கள் இருந்தன. ஹெவிவெயிட்டில் ஒரே ஒரு பெயர்.

"இதுல ஒருத்தன்தானா மாஸ்டர்?"

"ஓம் டீச்சர். அவனும் வாறது சந்தேகம். கால்ல காயம்னு செல்றாங்க."

"அப்ப இவன இதுல போட்டுருங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மூணு கிலோ கொறவு ஈக்கி டீச்சர். இவன் எடையில ஆடினாத்தான் இவன் ஆட்டம் படிப்பான்."

"மூணு கிலோவ நான் பாத்துக்கிறேன்."

பதக்கம் கிடைத்தால் சான்றிதழ் கிடைக்கும், நாளைக்கு ஒரு வேலைக்கு உதவும் என்று அவரிடம் சொன்னேன். மனதில் இருந்தது அதுவல்ல. ஏழு பேர் என் பிள்ளையின் தலையில் குத்துவதற்கு நான் வழி விடப்போவதில்லை. அவன் ஆட்டத்தை விடமாட்டான் என்றால், ஆளே இல்லாத இடத்தில் அவனை ஒளித்து வைப்பது என்று முடிவு செய்தேன். பத்திரத்தில் ஹெவிவெயிட் என்று என் கையாலேயே எழுதினேன். இது என் யோசனை என்று மகனிடம் சொல்ல வேண்டாம் என்று மாஸ்டரைக் கேட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு ஐந்து வாரம் எங்கள் அடுப்பு அணையவில்லை. அவித்த கிழங்கு, கௌபிப் பயறு, முட்டை, பாண், வாழைப்பழம். எடை பார்க்கும் நாள் காலையில் இன்னும் முக்கால் கிலோ குறைவாக இருந்தது. மண்டபத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் அவனை நிறுத்தி, இரண்டு போத்தல் தண்ணீரைக் குடிக்க வைத்தேன்.

"அம்மா, இதுக்கு மேல ஊத்தினா காதால வரும்."

"குடி. பேசாத."

"உள்ள போய் தராசு மேல ஏறினா குளத்த தூக்கி வச்ச மாதிரி ஆடுமே. பாத்ரூம் கூட போகக்கூடாதா?"

"எடை பாத்துட்டுப் போ."

சிரித்துக்கொண்டே குடித்தான். நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஒன்றரை வருடத்தில், கண்டியில் வாங்கியதோடு சேர்த்து, நான்கு தங்கம். மூன்று முறை எதிராளி வரவில்லை. ஒரு முறை வந்தவன் முதல் நிமிடத்திலேயே கையைத் தூக்கி விலகிக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்புள்ள பிள்ளைகள் நம் நாட்டில் குறைவு. அந்த உடம்போடு குத்து வாங்க முன்வருகிறவர்கள் அதைவிடக் குறைவு. ஆனால் பதக்கத்தின் பின்னால் இதெல்லாம் எழுதப்பட்டிருப்பதில்லை. காலை பஸ்ஸில் கொண்டக்டர் எனக்கு இடம் பிடித்து வைத்தார். "டீச்சர், நம்ம மலையிலேர்ந்து ஒரு உலக சாம்பியன் போகப் போறாரு பாருங்க," என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். பத்திரிகையிலிருந்து வந்த ஒரு இளைஞர், இந்த நாடு இதுவரை கண்ட பெரிய வீரர்களின் வரிசையில் இவன் வருவானா என்று மாஸ்டரைக் கேட்டார். "இன்ஷா அல்லாஹ், வருவான்," என்றார் மாஸ்டர். அவரும் நம்பத் தொடங்கியிருந்தார். என் கணவர் மட்டும் தேநீரை ஆற்றிக்கொண்டே, "எதிர்ல ஆள் இல்லாட்டி நானும் சாம்பியன்தான்," என்றார். மகன் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

நான் போனில் பழைய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். உலகம் பெரியவர்கள் என்று சொல்லும் ஹெவிவெயிட் வீரர்களின் ஆட்டங்களை, மாத்தளைக்கு இறங்கும் பஸ்ஸில், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். கணக்கு டீச்சருக்குப் புரிய அதிக நாள் எடுக்கவில்லை. அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் எதிரில், கிட்டத்தட்ட அவரளவு பெரிய ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் விழுந்து எழும்பியிருந்தார்கள். சிலர் தோற்று, திரும்பப் போய் வென்றிருந்தார்கள். அந்த எதிராளியை எடுத்துவிட்டால் பெரியவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் மகனின் வாழ்க்கையிலிருந்து அந்த ஆளைத்தான் நான் எடுத்திருந்தேன். இது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. காலியான மூலைகள் தொடர்ந்து காலியாகவே இருக்கும் என்று நினைத்தேன்.

கொழும்பில் தேசியப் போட்டி. அங்கே ஆள் வந்திருந்தான். தெற்கிலிருந்து வந்த பிள்ளை, மகனை விட ஒரு வயது மூத்தவன். அவன் உடம்பு கிழங்கும் தண்ணீரும் ஏற்றிய உடம்பு இல்லை. முதல் சுற்றை நான் பார்க்கவில்லை, என் மகன் நன்றாகத்தான் ஆடினான் என்று சொன்னார்கள். இரண்டாவது சுற்றில் அந்தத் தெற்குப் பிள்ளையின் வலக்கை வந்ததை நான் பார்த்தேன். மகன் விழவில்லை. விழுந்திருந்தால் நல்லது. நின்றபடியே கைகள் இரண்டும் கீழே தொங்கின. இன்னொன்று வந்தது. நடுவர் இடையில் பாய்ந்தார்.

முதலுதவி அறையில் என்னைப் பார்த்து, "டீச்சர், பஸ் போயிருச்சா?" என்று கேட்டான். என் மகன் என்னை டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. பத்து நிமிடம் அவனுக்கு நான் அம்மா இல்லை. அந்தப் பத்து நிமிடத்திலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை. பாடம் நடத்தும்போது யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால், கணக்கைப் பாதியில் விட்டு நிற்கிறேன். பிள்ளைகள் பார்க்காதது போல இருக்கிறார்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் பயிற்சி கூடாது, பிறகு பரிசோதித்துப் பார்க்கலாம் என்றார் வைத்தியர். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், மதியச் சாப்பாடு முடிந்து மகன் கேட்டான்.

"ஏம்மா, நான் இனி பெரிய ஆளா வர மாட்டேனா?"

"இத இப்பவே விட்டுரு சாமி. அம்மாவுக்கு அது போதும்."

"ஒரு தடவ தோத்ததுக்கா? சேர் என்னை சும்மாவா ஹெவியில போட்டாரு? என் அடி ஹெவி அடின்னு அவருக்குத் தெரியும்."

அப்போதுதான் சொன்னேன். மூன்று கிலோவை ஏற்றியது எதற்கு என்பதையும், ஏழு பெயர்களையும், யாருடைய கை அந்தப் பத்திரத்தில் எழுதியது என்பதையும் சொன்னேன். கேட்டால் ஆட்டத்தை வெறுத்து விட்டுவிடுவான் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

"அப்ப சேர் இல்லியா?"

"இல்ல. நான்தான்."

"ஒன்றர வருஷம்மா," என்றான். குரல் உயரவில்லை. "ஒன்றர வருஷம் நான் என்னைப் பத்தி என்னென்னமோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்." எழும்பி வெளியே போனான். தேயிலை மலைக்குள் இறங்கும் பாதையில் இருட்டும்வரை நடந்துவிட்டுத்தான் வந்தான். அதன்பிறகு பல நாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

நான் மாஸ்டரின் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"உண்மையச் சொல்லுங்க மாஸ்டர். அவன் பெரிய ஆளா வருவானா? வரமாட்டான்னா சொல்லிருங்க. நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன்."

அவர் கையில் ஒட்டியிருந்த துருவைத் துடைத்தார். "அன்டைக்கு பேப்பர்காரன்கிட்ட வருவான்னு சென்னேன். அது பொய் டீச்சர். எனக்கு அப்ப ஒன்டும் தெரியாது. இப்பவும் தெரியாது. அவன் இப்பதான் ஒரு ஃபைட் ஆடீக்கிறான்."

நான் அழுதுவிட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். "என்ட தப்பும்தான்," என்றார் அவர். "ஓமென்டது நான்தானே."

மூன்று மாதம் முடிந்து வைத்தியர் அனுமதித்த வாரம், மகன் புதிய பத்திரம் ஒன்றோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் அவனே நிரப்பியிருந்தான். பெற்றோர் கையொப்பம் மட்டும் பாக்கி. எடை என்ற இடத்தைப் பார்த்தேன். அவனுடைய உண்மையான எடை.

"இதுல எத்தன பேரு?" என்று கேட்டேன்.

"எட்டு." கொஞ்சம் சிரித்தான், என்னைப் பார்த்து அல்ல. "அந்த எட்டுப் பேர்கிட்டயும் மொதல்ல படிக்கணும். ஒடம்பு தானா ஏறட்டும், அப்பறம் ஹெவிக்குப் போறேன். அந்த அண்ணன் அங்கதான இருப்பாரு."

அவனை அடித்தவனைத்தான் அண்ணன் என்றான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இன்னும் ஐந்து மாதத்துக்கு என்னிடம் இருந்தது. அதன்பிறகு அவனுக்குப் பதினெட்டு. அந்த உரிமையை நான் முன்பு எப்படிப் பயன்படுத்தினேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. அவன் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாஸ்டரிடம் தானே கொண்டு போய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினான்.