கிரேன் ஏறாத கிரேன் ஆபரேட்டர்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் சந்துகளில் பந்து உதைத்து வளர்ந்தவன் லட்சுமணன். அவன் இடது காலால் அடித்தால் கோல்கீப்பர் பந்தை வலைக்குள்தான் தேட வேண்டும். 1962இல் எங்கள் அரசுத் தொழிற்சாலை அவனைக் கால்பந்து அணிக்காக வேலைக்கு எடுத்தது. ஏதாவது ஒரு பதவி காட்ட வேண்டுமே? கிரேன் ஆபரேட்டர் இடம் காலியாக இருந்தது. ஆர்டரை டைப் செய்தவன் நான், பணியாளர் பிரிவு குமாஸ்தா.

பதினோரு வருஷம் காலையில் கையெழுத்து, பிறகு மைதானம். கோப்பை ஜெயித்தால் பிரமோஷன். அதற்கு, 'கிரேன் இயக்குவதில் தேர்ந்தவர்' என்று வருடாந்திர அறிக்கை வேண்டும். நான் டைப் செய்து மேலாளரிடம் கையெழுத்து வாங்குவேன். ஊரே கொண்டாடுகிறவனுக்காக ஒரு வரி பொய் எழுதினால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். மடையன் நான்.

1973இல் முழங்கால் போயிற்று. இனி ஆட்டம் கிடையாது என்றார் டாக்டர். புதிதாக வந்த மேலாளர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "சீனியர் ஆபரேட்டர்தானே, திங்கட்கிழமையிலிருந்து கிரேன்ல ஏறச் சொல்லுங்க" என்றார்.

லட்சுமணன் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான்.

"அதோட ஸ்விட்ச் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது சார். உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா ஹெல்பரா இறக்கிடுவாங்க. குவார்ட்டர்ஸும் போயிடும். பொண்டாட்டியையும் குழந்தைங்களையும் எங்க வைப்பே? ரெண்டு நாள் யாராவது ஓட்டறதைப் பாரு, வந்துடும்."

என் வேலை போய்விடுமே என்ற பயமும் எனக்கு இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

தூக்கிய பாரத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது. நேற்று சேர்ந்தவனுக்கும் தெரிந்த விதி அது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை கிரேனில் ஏறியது லட்சுமணன். ஷிப்டே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. பாரத்துக்குச் சங்கிலி கட்டும் கிட்டு, லட்சுமணன் ஆடிய ஒரு ஆட்டத்தையும் பார்க்காமல் விட்டவனில்லை, மாலையே வாங்கி வந்திருந்தான். கூரையோரக் கிரேன் கூண்டிலிருந்து லட்சுமணன், எல்லோரும் விலகிப் போங்கள் என்று கையை வீசினான். கோல் போட்டதும் அவன் அப்படித்தான் கை வீசுவான். கீழே கைதட்டல் இன்னும் பலமானது.

மூன்று டன் இரும்பு வார்ப்பு எழும்பியதும் ஆடத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தான், இன்னும் வேகமாக ஆடியது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். கிட்டு மட்டும் அதைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தான். சங்கிலி நழுவி வார்ப்பு அவன் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட அவன் உயிர் தாங்கவில்லை.

விசாரணையில் என் அறிக்கைகளைப் படித்தார்கள். ஆபரேட்டருக்குப் பதினோரு வருட அனுபவம், ஒரு குறையும் இல்லை. ஆகவே பாரத்தின் கீழே நின்ற கிட்டுவின் அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம் என்று முடித்தார்கள்.

மறுநாள் காலை லட்சுமணன் என் மேஜைக்கு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க எழுதினது பொய்னு சொல்லிடுங்க சார். நானும் ஒத்துக்கறேன். செத்தவன் மேல பழி நக்கோ சார், வேணாம்."

"ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகணுமா? வாயைத் திறக்காதே."

ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. அவன் கிரேனில் ஏறப் போனான். நான் தடுக்கவில்லை.