ஃபர்ஸ்ட் காப்பி

எங்கள் வீட்டில் முதல் டிகாக்ஷனில் கலந்ததற்கு ஃபர்ஸ்ட் காப்பி என்று பெயர். அது அத்தாவுக்கும், அதாவது அப்பாவுக்கும், விருந்தாளிகளுக்கும். மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியது மற்றவர்களுக்கு. ஃபர்ஸ்ட் காப்பிக்கு மேல் உலகத்தில் எதுவும் கிடையாது என்பது என் ஒன்பது வயது ஞானம். அந்த ஞானம்தான் மாமாவின் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தது.

மாமா, அம்மாவின் தம்பி. நான்கு வருஷம் கழித்துத் துபாயிலிருந்து குத்தாலத்துக்கு வந்தவர், என் அண்ணன் கேட்டபடியே ஒரு எலெக்ட்ரிக் கிடார் கொண்டுவந்தார். செக்கச்செவேலென்று இருந்தது. தலையில் வெள்ளைக்காரக் கம்பெனியின் பெயர். "ஒரிஜினல்டா" என்று கொடுத்தார். அண்ணன் அதைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு தூங்கினான். கல்லூரி விழாவில் வாசிக்கப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தான்.

மூன்றாம் நாள், மாமா கொல்லையில் நின்று போனில் யாரிடமோ, "ஃபர்ஸ்ட் காப்பிதான், இங்க யாருக்கும் தெரியாது" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. இவ்வளவு பெருமையை மறைக்கிறாரே, என்ன தன்னடக்கம்! மதியம் எல்லோரும் சாப்பிடும்போது நானே அறிவித்தேன்: "மாமா வாங்கிட்டு வந்த கிடார் ஃபர்ஸ்ட் காப்பியாம்!"

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. "காப்பியா மாமா? அப்ப இது டூப்ளிகேட்டா?" மாமா தலையைத் தூக்கவில்லை. அம்மா பரிமாறுவதை விட்டுவிட்டு அத்தாவைப் பார்த்தாள்.

அத்தாவுக்கு மரக்கடை. அவர் தட்டிப் பார்த்துச் சொல்லாமல் எங்கள் ஊரில் யாரும் வாசலுக்கு நிலை வைக்கமாட்டார்கள். சொந்தக்காரர் கொண்டுவந்த தேக்கையே ஆகாது என்று திருப்பி அனுப்பியவர். கை கழுவிவிட்டு வந்து கிடாரை மடியில் கிடத்தினார். தட்டினார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். முதுகில் இருந்த மூடியைக் கழற்றி, உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு, மறுபடி திருகி மூடினார். கழுத்தோரமாக விரலை ஓட்டியபோது, அதில் குறுக்கே பதித்திருந்த கம்பிகளில் ஒன்றின் முனை குத்தி ரத்தம் துளிர்த்தது.

"பாத்தியா," என்றார் அண்ணனிடம். "துபாய் சூட்டுல மரம் சுருங்கி, கம்பி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அசல் மரந்தான் இப்படிச் சுருங்கும். பிளைவுட் சுருங்குமா? நல்ல சாமான்டா இது."

அரத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பி முனைகளைத் தேய்க்க உட்கார்ந்தார். "குடுங்க மச்சான், நான் தேய்க்கிறேன்" என்று மாமா வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கண் கலங்கியது.

அண்ணன் கல்லூரியில் வாசித்தான், கைதட்டலும் வாங்கினான்.

போன மாதம் என் மகனுக்காக அந்தக் கிடாரைப் பரணிலிருந்து இறக்கி, முதுகு மூடியைத் திறந்தேன். பெயிண்ட் படாத இடத்தில் பிளைவுட், அடுக்கடுக்காக. அத்தா இப்போது இல்லை. அன்று அவ்வளவு நேரம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். மரத்தைப் பற்றி அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அது மாமாவுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

நானோ, அன்று அவர் கண்ணில் அரத்தூள் விழுந்துவிட்டதென்று நினைத்து, சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடிவந்து, "போயிடுச்சா மாமா, போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.