காற்றை மறைக்காத முதுகு

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பிறர் எழுதியதில் இல்லாததைச் சேர்க்காமல், இருப்பதை விட்டுவிடாமல் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். எனக்கும் நம்பாமல் இருக்கத்தான் ஆசை.

போன வருடம் என் தம்பி மலைச்சாலையில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இறந்தான். நாங்கள் இருவரும் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிய வழி அது. ஊரைத் தாண்டி, மூன்று மேடு ஏறி இறங்கி, ஆற்றுப்பாலம் வழியாகத் திரும்பினால் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர். மூன்றாவது மேட்டுக்கு அவன் வைத்த பெயர் 'அழவைச்சான்'. அதன் இறக்கத்தில் ஐந்தாவது வளைவு. தூக்கத்தில் எழுப்பி ஓட்டச் சொன்னாலும் சரியாகத் திரும்பிவிடுவான். அன்று திரும்பவில்லை. நேராகப் போயிருக்கிறான். சாலை உலர்ந்திருந்தது. பிரேக் நன்றாக இருந்தது. ஆனால் பிரேக் பிடித்த தடம் ஒரு விரல் நீளம்கூடச் சாலையில் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவனுக்கு வேலை போயிருந்தது. பிறகென்ன, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

தம்பி மனைவி பல மாதம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமா, அவரு தெரிஞ்சே போனாரா?"

"சேச்சே. என்னம்மா பேச்சு இது."

"ஆறுதல் சொல்லாதீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அந்த ரோடு உங்களுக்குத்தான் தெரியும். ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. தெரிஞ்சேதான் போனாருன்னாலும் சொல்லிடுங்க. எங்களை வேண்டாம்னு போனாரா, இல்லையா... அது மட்டும் எனக்குத் தெரியணும்."

குழாயை மூடினாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் போன பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை. பழுது பார்க்கக் கொடுத்தேன். சைக்கிள் கடைக்காரர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி ரெடி சார். ஆள்தான் ரெடியான்னு தெரியலை. அந்தத் தொப்பையைக் கழட்டி இங்க வச்சுட்டுப் போங்க. வரும்போது வாங்கிக்கலாம்."

"போற வழியில கரைஞ்சிடும்யா."

"தனியாவா போறீங்க? வீல் பிடிக்க ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க சார்."

அவர் சொன்னது சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்குள் இருக்கும் ஒரு வழக்கம். வீல் பிடிப்பது என்றால், முன்னால் போகிறவனின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் உன் முன்சக்கரத்தை வைத்து ஓட்டுவது. எதிர்க்காற்றை அவன் வாங்கிக்கொள்வான். அவன் முதுகு உனக்குச் சுவர். பாதிக் களைப்பு மிச்சம். ஆனால் சாலை உன் கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சக்கரம் மட்டும்தான் தெரியும். அதனால் முன்னால் இருப்பவன் கையால் சொல்லிக்கொண்டே போவான். குழி வந்தால் தரையைச் சுட்டுவான். வேகம் குறைக்க உள்ளங்கையை விரித்துக் காட்டுவான். பின்னால் வருபவன் கேள்வி கேட்கக்கூடாது. அவன் திரும்பினால் திரும்ப வேண்டும். போனால் போக வேண்டும்.

என் தம்பி அதில் ஒன்று தானாகச் சேர்த்திருந்தான். சாலையில் சரளை கிடந்தால், குழம்பில் உப்புத் தூவுவதுபோல் விரல்களைத் தேய்ப்பான். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை.

அரைநாள் விடுப்பில் கிளம்பியதால் தாமதம். இரண்டாவது மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. 'அழவைச்சான்' ஏற்றத்தில் பாதி தூரம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். அழுகைகூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. உச்சியில் இருந்த தேநீர்க்கடையை அடைந்தபோது மணி ஐந்து ஐம்பது. மழை விட்டிருந்தது. கடைக்கார அம்மா தேநீரை நீட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தார்.

"இந்த நேரத்துல இறங்கப் போறீங்களா? லைட் இருக்கா?"

"இருக்கும்மா."

"மெதுவா போங்க. கீழ ஒரே பனிமூட்டம்."

தம்பியோடு வந்த நாட்களில் நாங்கள் அந்தக் கடையில் நின்றதில்லை; அவருக்கு என்னைத் தெரியாது. நான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் ஒரு பேச்சு பேச வேண்டும். அதற்கான தெம்பு இல்லை.

ஆறு மணி ஏழு நிமிடம். இறங்க ஆரம்பித்தேன். பள்ளத்தாக்கிலிருந்து எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. விரல்கள் விறைத்துவிட்டன. தொடை இரண்டும் யாருடையவோபோல் கனத்தன. முதல் வளைவு. திரும்பினேன். அதன் பிறகு, பனியில், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு.

சைக்கிள்.

எனக்கு முன்னால் யாரும் கிளம்பவில்லையே என்று தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் அது கேள்வியாக நிற்கவில்லை. அப்பாடா, ஒரு முதுகு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் எட்டி மிதித்தேன். சட்டென்று நெருங்கிவிட்டேன். அத்தனை சுலபமாக நான் யாரையும் எட்டிப் பிடித்ததே இல்லை.

ஒரு சாண் இடைவெளி. தலையைத் தாழ்த்திக்கொண்டேன். சக்கரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது வளைவுக்கு முன் அவர் கை கீழே வந்தது. தரையைச் சுட்டியது. குழி. ஒதுங்கினேன். உண்மையிலேயே குழி.

மூன்றாவது வளைவு. கை மறுபடி வந்தது. விரல்கள் உப்புத் தூவின...

நிமிர்ந்து பார்த்தேன். சாயம் போன நீலச் சட்டை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்த தோள் அது. முதுகுப் பையில் மடித்துத் திணித்த மழைச்சட்டை.

எனக்குப் பயம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. பெரிய நிம்மதி வந்தது. நாள் முழுக்கச் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி.

"டேய்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் திரும்பவில்லை.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சாலை நனைந்திருக்கிறது. ஈரச்சாலையில் ஒரு சக்கரத்தின் பின்னால் போனால் முகமெல்லாம் சேறு தெறிக்கும். என் முகத்தில் ஒரு துளியும் இல்லை.

அவன் மிதிக்கவில்லை. மிதிக்காமல் விட்டால் பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று கத்த வேண்டும். கத்தவில்லை. என் சங்கிலியின் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம், காற்று.

முன்னால் ஒரு முதுகு இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் காற்று நிற்கவில்லை. நேராக என் நெஞ்சில் அடித்தது. அந்த முதுகு எதையும் மறைக்கவில்லை.

நான்காவது வளைவு. அவன் திரும்பினான். நானும் திரும்பினேன்.

காற்றை மறைக்காத சக்கரத்தை எத்தனை நேரம் பிடிக்க முடியும்? ஒரு சாண் ஒரு முழமானது. ஒரு முழம் ஒரு சைக்கிள் நீளமானது. கால்கள் கைவிட்டன.

அவன் வேகத்தைக் குறைத்தான். எனக்காக.

நெருங்கினேன். மறுபடி விட்டுப்போனது. மறுபடி குறைத்தான்.

மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை. "போடா, நீ போ... நான் மெதுவா வரேன்," என்று முனகிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். களைப்பு. வெறும் களைப்புதான். வேறு எந்தப் புத்தியும் என்னைக் காப்பாற்றவில்லை.

கிரீச்...

என் சைக்கிள் நின்றது.

அவன் நேராகப் போனான்.

சாலை இடது பக்கம் திரும்பியது. ஐந்தாவது வளைவு.

விளக்கு நேராகப் போனது.

விழவில்லை.

அதே மட்டத்தில்... சாலை இல்லாத இடத்தில்... பள்ளத்தின் மேலே... நின்றது.

கை பின்னால் வந்தது.

குழியைச் சுட்டவில்லை. நிற்கச் சொல்லவில்லை.

விரல்கள் மடங்கின. விரிந்தன. மடங்கின.

வா.

போகத் தோன்றியது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். போனால் ஓய்வு என்று தோன்றியது.

கால் எழும்பவில்லை.

ஆறு இருபத்தொன்று. விளக்கு அணைந்தது.

கீழே இறங்க மனம் வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடந்தேன். கடைக்கார அம்மா பலகை சாத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் திரும்ப எடுத்துப் போட்டார்.

"என்ன சார், வெளிறிப் போயிருக்கீங்க? விழுந்துட்டீங்களா?"

"எனக்கு முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல இறங்கினாரா?"

"இன்னைக்கா? உங்களைத் தவிர ஒரு ஈ காக்கா வரலையே."

தண்ணீர் குடித்தேன். பிறகுதான் சொன்னேன். போன வருடம் ஐந்தாவது வளைவில் விழுந்தவன் என் தம்பி என்று.

அந்த அம்மா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கூடப் பொறந்த தம்பியா?"

"ஆமா."

"வேற அண்ணன் இருக்காங்களா உங்க வீட்டுல?"

"இல்லை. நாங்க ரெண்டே பேர்."

"இதோ, இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. வேலைக்கு ஒரு இடத்துல கூப்பிட்டிருக்காங்க, நாளைக்குப் போகணும்னு சொன்னாரு. பாதி டீ குடிச்சிருப்பாரு. திடீர்னு எழுந்திருச்சு ரோட்டைப் பார்த்தாரு. முகமெல்லாம் சிரிப்பு. கிளாஸைக்கூட நேரா வைக்கலை. 'அண்ணா, இருண்ணா, வந்துட்டேன்'னு கத்திக்கிட்டே சைக்கிளை எடுத்தாரு."

"யாரைப் பார்த்து?"

"நான் அடுப்புப் பக்கம் இருந்தேன் சார், பார்க்கலை. போலீஸ் கேட்டப்ப சொன்னேனே. அந்த அண்ணன் எங்கன்னு என்னையே கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஓரடி பின்னால் நகர்ந்தார். "அன்னைக்கு முன்னாடி போனது... நீங்க இல்லையா?"

அன்று மாலை நான் அச்சகத்தில் இருந்தேன். பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்று மறுநாள் அச்சில் ஏற வேண்டியிருந்தது. இரவு ஒன்பது வரை நாற்காலியை விட்டு எழவில்லை. என்னோடு இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். போலீஸும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. எதற்காக அவர்கள் அதை அத்தனை தடவை கேட்டார்கள் என்பது அந்தக் கடை வாசலில்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போவதைக் கேட்கப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தெரிஞ்சு போகலைம்மா. சத்தியமா இல்லை. முன்னாடி போன ஒருத்தரைப் பிடிக்கப் போயிருக்கான். சிரிச்சுக்கிட்டே போயிருக்கான். கடைக்காரம்மா பார்த்திருக்காங்க."

அவள் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் யாரும் அவள் அழுது பார்க்காத அழுகையை அன்று அழுதாள். நான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றேன். வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிவு.

"யாரு மாமா முன்னாடி போனது?"

"தெரியலம்மா," என்றேன்.

என் தம்பி கடைசியாகப் பார்த்தது என் முதுகை.