குழாயைப் பற்றிக் கேட்டவர்

பினாங்கு நகராட்சி மன்றத்தில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் ஒரே உறுப்பினர் அவர்தான். ஒல்லியான வக்கீல். பேச எழுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைப்பார்.

நான் அங்கே குமாஸ்தா. அப்பா நகராட்சித் தெருக்களைக் கூட்டுபவர். கூட்டும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் குழாய் வறண்டு, பிள்ளைகள் சாக்கடையோரக் கிணற்று நீரைக் குடித்துக் காய்ச்சலில் கிடந்ததை வக்கீலிடம் சொன்னவன் நான்தான். லயத்தில் பள்ளிக்கூடம் போனவனும் நான் ஒருவன்தான் என்பது கூட்டத்தன்று காலையில்தான் உறைத்தது. ஓடிப்போய்ப் படியில் அவரை மறித்தேன்.

"ஐயா, இன்னிக்குக் கேக்க வேணாங்க. யாரு சொன்னதுன்னு தெரிஞ்சிரும். என் வேலையும் போயிரும், அப்பா வேலையும் போயிரும்."

"என் நாற்காலி மட்டும் என்ன தம்பி, கவர்னர் குடுத்ததுதானே? நாளைக்கே புடுங்கிக்குவாரு."

"பயமா இல்லீங்களா?"

"காலையிலேருந்து ஒரு வாய்கூட எறங்கல" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

கேட்டேவிட்டார்.

"அங்கே தண்ணீர் வருகிறது. வரவில்லை என்று உங்களிடம் யார் சொன்னது?" என்ற தலைவரான வெள்ளைக்காரத் துரையின் பார்வை குமாஸ்தாக்கள் பக்கம் திரும்பியது. நான் காகிதங்களின் மேல் குனிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லவில்லை. நேற்று நானே போய்த் திறந்து பார்த்தேன். வாருங்கள், இப்போதே காட்டுகிறேன்."

துரை எழவில்லை. கவனிப்பதாகச் சொன்னார். மறுவாரம் தண்ணீர் வந்தது. அடுத்த நியமனத்தில் வக்கீலின் பெயர் இல்லை.

அவர் எங்கள் லயத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் வக்கீல் எந்தத் தெருவில் திரும்பியிருப்பாரோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.