அக்காவுக்காக வாங்கிய வண்டி

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஊறுகாய் பாட்டிலையும் உப்பு ஜாடியையும் ஓரத்தில் வைத்து, அந்தப் பளபளக்கும் கார் புத்தகங்களைப் பெரிய மாமா வரிசையாக விரித்து வைத்த காலை எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பெரிய மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே கம்பெனியின் வண்டிகள்தான், ஆனால் புது வருஷத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி விட்டிருந்தார்கள். சின்ன வண்டி, பின்னால் டிக்கி நீட்டின வண்டி, உசரமான வண்டி, ஏழு பேர் உட்காருகிற வண்டி. அதிலும் ஒவ்வொன்றிலும் சாதாரணம், நடுத்தரம், உயர்ந்தது என்று பிரிவு. பொங்கல் கழிந்து அவ்வளவு நாளும் எங்கள் வீட்டில் சுவாமி பேச்சுக்கு அடுத்தபடி அந்தப் பேச்சுதான்.

வண்டி வாங்குவது என் ஓரகத்திக்காக. மாமாவின் சம்சாரத்தை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் அப்படி இருந்திருக்க மாட்டாள். மாதா மாதம் திருவாதிரை நட்சத்திரத்தன்று சிதம்பரம் போய் நடராசரைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து குமராட்சிப் பக்கம் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவாள். எத்தனையோ வருஷத்து வழக்கம். துணைக்கு நான். முட்டி இரண்டும் தேய்ந்து வீங்கிப்போன பிறகும் அவள் அதை விடவில்லை. தெருமுனை ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து பஸ். பஸ்ஸில் எப்படி ஏறுவாள் என்று கேட்பார்கள். வாசலில் இரண்டு பக்கமும் கம்பி இருக்கும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஒரு படியில் ஒரு காலை வைத்து, மற்ற காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, நமசிவாய என்று மூச்சை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவாள். கண்டக்டர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். இதைப் பார்க்க மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்கள் பையனும் பெங்களூரிலிருந்து போனில், "அம்மாவ இன்னும் பஸ்லயா அனுப்புறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

ஆனால் மாமா ஒரு காரியத்தில் இறங்கினால் அதன் அடிவரைக்கும் போவார். போன வருஷ மாடலில் கேமரா பின்னால் மட்டும்தான், இந்த வருஷம் நாலு பக்கமும் என்பார். சின்ன வண்டியின் உயர்ந்த பிரிவில் இருக்கிற பெரிய திரை, உசர வண்டியின் நடுப் பிரிவிலேயே வருகிறது என்பார். மேல் கூரை கண்ணாடியாகத் திறக்கும், வாயால் சொன்னாலே திறக்கும் என்பார். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் கேட்டுக் கேட்டு எந்தப் பிரிவில் எத்தனை காற்றுப் பை என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாள், "சீட்டுக்குள்ளேர்ந்தே காத்து வருதாம்டி" என்று அக்காவிடம் படத்தைக் காட்டினார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "சீட்டுக்கு எதுக்குங்க காத்து? அதுக்கா வேர்க்குது?" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு அவளாகவே, "ஏறுறதுக்கு ஏதாச்சும் புதுசா வச்சிருக்கானா, பாருங்க" என்றாள். மாமா நிஜமாகவே பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "ஏறுறதுக்கு எதுக்குடி தனியா? கதவு இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான், பேச்சு மறுபடியும் கேமராவுக்குப் போய்விட்டது.

உசரமான வண்டிதான் என்று கடைசியில் முடிவானது. அதற்கும் காரணம் அக்காதான். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தாலும் ஐப்பசி மழை பிடித்தாலும் குமராட்சி ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். சின்ன வண்டி நடுவழியில் நின்றுவிடும், தங்கச்சி வீட்டுக்குப் போகமுடியாமல் அவள் அல்லாடுவாள் என்று மாமா பயந்தார். வண்டியின் வயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை நாலு வண்டிக்கும் வைத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் உயரமானதை எடுத்தார். கடைக்கு அவரும் என் வீட்டுக்காரரும் போனார்கள். அக்காவைக் கூட்டிப்போகவில்லை. எங்கள் குடும்பத்தில் மாட்டு வண்டி காலத்திலிருந்து ஒரு முறை உண்டு. புது வண்டி வாசலுக்கு வரும்போது வீட்டின் மூத்த சுமங்கலி எதிரே நின்று ஆலம் சுற்றித்தான் உள்ளே விடவேண்டும். ஆலம் எடுக்கிறவள் அதற்கு முன்னால் அந்த வண்டியில் உட்காரக் கூடாது. அதனால் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்த வண்டியில், யாருக்காக வாங்கினோமோ அவள் மட்டும் உட்காரவில்லை.

தை வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. தெருவே வாசலில் நின்றது. அக்கா பட்டுப்புடவை கட்டி, தட்டைப் பிடித்து ஆலம் சுற்றினாள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, பூசணிக்காய் உடைந்தது. "ஏறு, பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாம்" என்று மாமா கதவைத் திறந்துவிட்டார். அக்கா ஒரு கையைக் கதவில் வைத்தாள், காலைத் தூக்கினாள். கால் பாதி உயரத்துக்குத்தான் போனது. ஒற்றைக் காலில் முழு உடம்பையும் நிறுத்தி, தலையைக் குனிந்து, இடுப்பைத் திருப்பி உள்ளே போகவேண்டும். அந்த மூன்றில் ஒன்றுகூட அவளால் முடியாது. நான் முக்காலி கொண்டுவந்து போட்டேன். அதில் ஏறி நின்றதும் அது ஆடியது. பயந்து இறங்கிவிட்டாள். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "புதுப் பொண்டாட்டி மாதிரி முறுக்கிக்குதுங்க வண்டி. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். அவள் கழுத்து வேர்த்து ஊற்றியதை நான் பார்த்தேன்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. மாமா ஓரத்தில் மிதிபடி வாங்கிப் போட்டார். அது மெல்லிசாக, அவள் பாதம் பாதிகூட நிற்காத அளவில் இருந்தது. மாசித் திருவாதிரை வந்தபோது அக்கா வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள். மாமா வாசலில் வந்து நின்றார். கோபப்படவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். "வாசல்ல இவ்ளோ பெரிய காரு நிக்குது. நீ ஆட்டோவுல ஏறுனா நாலு பேரு என்னைய என்னான்னு கேப்பான்? கொஞ்சம் பொறு, ஏதாச்சும் வழி பண்றேன்." அக்கா பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். பங்குனியும் அப்படித்தான், சித்திரையும் அப்படித்தான். நட்சத்திரத்தன்று குளித்து, திருநீறு பூசி, தெற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அவள் கண்ணுக்கு எதிரே ஜன்னலில் அந்த வண்டியின் கதவுதான் தெரியும். முன்னால் ஏறமுடிந்த வண்டி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறமுடியாத ஒன்று வந்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டது. நடராசா, இது என்ன சோதனை என்று நானும்தான் வேண்டினேன்.

ஆனியில் குமராட்சித் தங்கை கிணற்றடியில் விழுந்து இடுப்பு உடைந்து படுத்துவிட்டாள். ஆபரேஷன் தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காலையில், "எப்படியாச்சும் என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்றாள். தெருமுனை ஆட்டோக்காரத் தம்பியே வந்தான். அவனும் மாமாவும் நானும் சேர்ந்து தூக்கினோம், பின்னால் இருந்து தள்ளினோம். "நெல்லு மூட்டையாடா ஏத்துறீங்க?" என்று அக்கா உள்ளே விழுந்தபடியே கேட்டாள். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு, "மாமா, என் வண்டிக்குக் கதவே கெடையாது பாருங்க, அதான் அக்கா பாட்டுக்கு ஏறிடுறாங்க" என்றான். மாமா அவனைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

சிதம்பரம் கீழ வீதியில் நிறுத்தியபோது அக்கா இறங்க மறுத்துவிட்டாள். இறங்கினால் திரும்ப அந்த மாதிரி ஏற்றவேண்டும், சன்னதி வாசலில் நாலு பேர் நடுவில் தன்னைத் தள்ளவேண்டாம் என்றாள். மாமா மட்டும் உள்ளே போய் விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். வந்தவர், அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கோபுரத்தைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, மேல் கூரையைத் திறந்தார். "நல்லா தெரியும் பாரு" என்றார். நல்ல வெயில். அக்கா அண்ணாந்து, கண்ணைச் சுருக்கி, கை இரண்டையும் அந்த ஓட்டை வழியாக மேலே நீட்டிக் கும்பிட்டாள். பக்கத்தில் போன பூக்காரி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

குமராட்சியில் தங்கை வீடு வாய்க்கால் ஓரத்து ஒடுக்கமான ரோட்டில் இருக்கிறது. வண்டி ரோட்டு மேட்டில் நின்றது, இறங்குகிற பக்கம் சரிவு. தங்கையின் மருமகள் ஓடிவந்து, "உள்ள வாங்க பெரியம்மா, காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள். தங்கையின் கொழுந்தனார்கள், பக்கத்து வீட்டு ஆம்பளைகள் எல்லாரும் வாசலில் நின்றார்கள். அக்கா அந்தச் சரிவைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கையைத் தூக்கிவரவும் முடியாது. மாமாதான், "போனைப் போடு, மொதல்ல பேசு" என்றார். வண்டி வந்த அன்றே அக்காவின் போனை அதோடு சேர்த்து வைத்திருந்தார். அதனால் தங்கையின் குரல் போனில் வரவில்லை. நாலு கதவிலிருந்தும் வந்தது, பெரிய சத்தமாக.

"வந்துட்டியாடி? எங்க நிக்கிற?"

"வாசல்லதான்டி."

"வாசல்ல நின்னுக்கிட்டு போனா? உள்ள வா, சோறு ஆறுது."

"காலு கொஞ்சம்..." என்று அக்கா இழுத்தாள்.

"எனக்குத்தான் காலு போச்சு. உனக்கு என்னா? நான் செத்தாத்தான் எறங்கி வருவியா?"

வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. மாமா பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தத் திரையைத் தடவினார். பாட்டு வந்தது, மேப்பு வந்தது, பின்னால் நின்ற ஆட்டுக்குட்டி கேமராவில் வந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. உள்ளே தங்கை அழுவது வண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்து, "கதவத் தொற" என்றாள். நான் முதலில் இறங்கிச் சரிவில் காலை ஊன்றி நின்றேன். அவள் சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புடவை சுருண்டு மேலே ஏறியதைக்கூட லட்சியம் பண்ணாமல் வழுக்கி இறங்கினாள். "பாத்து, பாத்து! எறங்கிட்டா திரும்ப ஏத்தணுமே" என்றார் மாமா. மண்ணில் கால் பட்டதும் அக்கா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஏறப்போறது யாரு?" என்றாள்.

உள்ளே போய்த் தங்கையின் நெற்றியில் திருநீறு இட்டாள். தங்கை முதலில் சொன்னது, "இன்னாடி இப்படி குண்டாயிட்ட" என்பதுதான். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் வேறு என்ன ஆகும் என்றாள் அக்கா. பிறகு இருவரும் அம்மா செய்த ஏதோ ஒரு குழம்பில் முருங்கைக்காய் போட்டாளா இல்லையா என்று சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டார்கள். மாமாவால் உள்ளே வர முடியவில்லை. ஒரு டிராக்டர் வரும், வண்டியை முன்னால் எடுக்கவேண்டும். வைக்கோல் வண்டி வரும், பின்னால் எடுக்கவேண்டும். நான் தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். ஸ்டீரிங்கின் மேல் தட்டை வைத்துக்கொண்டு, "நல்லாருக்காளா?" என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. நல்லாருக்காங்க மாமா என்றேன்.

பொழுது சாய மினிபஸ் வந்தது. கண்டக்டர், "பெரியம்மா! எங்க போய்ட்டீங்க இத்தினி மாசமா?" என்று கையை நீட்டினான். அக்கா கம்பி இரண்டையும் பிடித்தாள். நமசிவாய. ஒரு படி, அடுத்த படி. நான் பின்னால் ஏறினேன். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தார். முந்திப் போயிருக்கலாம். போகவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, அவரும் நின்றார். பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவ்வளவு பெரிய வண்டியில் தனியாக, லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும், "வராரா?" என்று கேட்டாள். சிதம்பரத்தில் நாங்கள் கடலூர் பஸ்ஸில் மாறி உட்கார்ந்ததும் மாமா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். அக்கா, "நீங்களும் வாங்களேன், எடம் இருக்கு" என்றாள். அவர் பஸ்ஸைப் பார்த்தார், ரோட்டோரம் நின்ற காரைப் பார்த்தார். "வண்டிய விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்றார். மஞ்சக்குப்பம் வரைக்கும் அந்த லைட்டு பின்னாலேயே வந்தது.

அதற்கப்புறம் அக்கா பஸ்ஸில் போவதை அவர் தடுக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் தங்கை போனாள். அதற்கு அடுத்த வருஷம் அக்காவும் ஐயன் திருவடி சேர்ந்துவிட்டாள். வண்டி இருக்கிறது. திருவாதிரைக்கு மாமா சிதம்பரம் போகிறார், தரிசனம் முடிந்து குமராட்சிக்கும் போய்த் தங்கையின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார். என் முட்டிக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நானும் கூடப் போகிறேன். போன மாதம் குமராட்சியிலிருந்து திரும்பும்போது முன்னால் ஒரு மினிபஸ் போய்க்கொண்டிருந்தது. எதிரே வண்டியே இல்லை, ரோடு காலியாகக் கிடந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். மாமா முந்தவில்லை. பஸ் நின்ற இடத்தில் எல்லாம் நிறுத்தினார். ஆள் இறங்கி, ஆள் ஏறி, அது கிளம்பும்வரை காத்திருந்து, பிறகு கிளம்பினார். நான் சிவசிவ என்று சொல்லிக்கொண்டு, அவரோடு சேர்ந்து அந்தப் பஸ்ஸின் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.