பக்கத்துப் போர்ஷனில் ஒரு யூதப் பெண்

எழுபதுகளின் பிற்பாதியில் கொச்சியைச் சேர்ந்த ஒரு நர்சம்மா ஆரணி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து, எங்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியேறினார். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என் கணவர் வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்தார். என் மாமனார் எங்கள் சபையில் உபதேசியாராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் அவர்தான் பிரசங்கம் செய்வார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் புதிதாக யார் வந்தாலும் முதலில் போய் விசாரிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

கேரளத்து நர்ஸ் என்றால் கிறிஸ்தவப் பெண் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணம். பெயரும் வேதத்தில் வருகிற பெயர். முதல் ஞாயிறு காலையில் ஆராதனைக்கு அழைத்துப் போக, மாமா வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினார். டியூட்டி இருக்கிறது என்றார் நர்சம்மா. அடுத்த ஞாயிறும் டியூட்டிதான். சனிக்கிழமைகளில் மட்டும் அடுப்பு மூட்டாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சனிக்கிழமை ஆராதனை செய்கிற சபைக்காரி போலிருக்கிறது என்று மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு சபை என்றால் அவருக்கு ஆகாது. குழாயடியில் வைத்து நேராகவே கேட்டார்.

"நீங்க எந்த சபைம்மா?"

"நான் எந்த சபையும் இல்லைங்க. நான் யூதப் பொண்ணு" என்றார் நர்சம்மா, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே.

யூதர் என்ற சொல்லை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படி ஒருவர் பக்கத்துப் போர்ஷனில் இருந்துகொண்டு, நம்மைப் போலவே தண்ணீருக்கு வரிசையில் நிற்பார் என்று நினைத்ததே இல்லை.

செய்தி சபை முழுவதும் பரவிற்று. சிலர் ஆண்டவருடைய சொந்த ஜனம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் அந்த ஆண்டவரையே கொன்றவர்கள் இவர்கள்தானே என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். இரண்டுமே நர்சம்மாவின் காதுக்குப் போயிருக்கும். கும்பிடு வாங்கும்போதும் அவர் முகம் இறுகியே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாதர் சங்கக் கூட்டத்தில் வந்து பேச வேண்டும் என்று போதகரின் மனைவி வீடு தேடி வந்து அழைத்தார். நர்சம்மா தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். அன்று நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து, கொச்சியில் தங்கள் ஆட்கள் எப்படி வாழ்ந்தார்கள், வெள்ளிக்கிழமை சாயந்திரம் எப்படி எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள், பெண்கள் மட்டும் கூடி மலையாளத்தில் எப்படிப் பாட்டுப் பாடுவார்கள் என்றெல்லாம் சொன்னார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போய்விட, படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயாருக்காகத் தான் மட்டும் நின்றுவிட்டதைச் சொன்னபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பேசி முடித்ததும் போதகரின் மனைவி எழுந்து, "நம்ம சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் முழங்காலிட்டோம். இவருடைய கண்கள் திறக்கப்பட வேண்டும், இவருடைய இருதயக் கடினம் மாற வேண்டும் என்று ஜெபம் நீண்டது. விசேஷ விருந்தாளியாக வந்திருந்த மாமா ஒவ்வொரு வரிக்கும் உரக்க ஆமென் சொன்னார். ஜெபம் முடிந்து எழுந்தபோது நர்சம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சு நின்றுபோயிற்று. எங்களைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். "நல்லதுக்குத்தானே ஜெபிச்சோம், இதுல இன்னா கோபம்?" என்று மாமா மாய்ந்து மாய்ந்து கேட்டார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாமா பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது முதுகில் படுக்கைப் புண் ஆரம்பித்திருந்தது. நானும் கணவரும் மாற்றி மாற்றித் துடைத்து மருந்து போட்டோம். புண் ஆழமாகிக்கொண்டே போயிற்று. புரட்டிப் படுக்க வைக்கும்போது அவர் முனகுகிற முனகலைக் கேட்கச் சகிக்காது. நர்சம்மாவைக் கேட்கலாம் என்றேன். என் கணவர், எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்றார்.

ஒரு நாள் சாயந்திரம் அவரே வந்துவிட்டார். கையில் தட்டு, கத்தரிக்கோல், பஞ்சு.

"சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது டீச்சர். கொஞ்சம் வெந்நீர் வைங்க" என்றார்.

அன்று தொடங்கித் தினமும் வந்தார். சனிக்கிழமையும் வந்தார். ஓய்வு நாளாயிற்றே என்று நான் இழுத்தேன். "நோயாளிக்கு ஓய்வு நாள் கிடையாது" என்று சொல்லிவிட்டார். நைட் டியூட்டி முடித்து அவர் பகலில் தூங்குகிற நாட்களில் என் கணவர் தறியில் உட்காராமல், சத்தமில்லாத நூல் சுற்றுகிற வேலையை வைத்துக்கொண்டார்.

ஆனால் மாமாவுக்கும் நர்சம்மாவுக்கும் நடுவே நம்பிக்கை வந்துவிடவில்லை. "நம்மள வெக்கப்படுத்தத்தான் வந்துகினு இருக்குது அந்தம்மா" என்று மாமா என்னிடம் முணுமுணுப்பார். நர்சம்மாவோ, அவர் வாயைத் திறந்தாலே எங்கே ஜெபத்தை ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து, சட்டென்று கிளம்பத் தோதாகக் கதவுப் பக்கமே நின்று வேலை செய்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பேச்சை முதலில் தொடங்கியது மாமாதான்.

"உங்க பழைய ஏற்பாட்டைத்தான் நாங்களும் வாசிக்கிறோம்மா" என்றார், சமாதானம் பேசுகிற குரலில்.

"அது உங்களுக்குத்தான் பழசு உபதேசியாரே. எங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றார் நர்சம்மா, பிளாஸ்திரியை வெட்டிக்கொண்டே.

மாமா சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் நர்சம்மா வந்ததும் வராததுமாக மாமா, "அப்போ நீங்க அதை இன்னான்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். நர்சம்மா அதன் எபிரேயப் பெயரைச் சொன்னார். மாமா அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பு சரியாக வரவில்லை. நர்சம்மா சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்குள் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு தினமும் ஏதாவது ஒரு வாதம். சில நாள் குரல் உயர்ந்து, தறியில் இருந்த என் கணவர் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் மாமா மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டார்.

"அன்னைக்கு ஏம்மா எழுந்து போயிட்டீங்க? நல்லதுக்குத்தானே ஜெபிச்சோம்?"

நர்சம்மா கையிலிருந்த பஞ்சைத் தட்டில் வைத்தார். "நல்லதுக்குன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் பதில் சொல்ல முடியல. திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டல்ல எனக்கு ஒரு சிநேகிதி. ஒரே தட்டுல சாப்பிடுவோம். பெரிய வெள்ளி அன்னைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்தா. வந்து, உங்க ஆளுங்க ஏன் அப்படிப் பண்ணாங்கன்னு என்னைக் கேட்டா. அன்னையிலருந்து தனியாச் சாப்பிட்டா. நீங்க என்னைப் பேசக் கூப்பிட்டீங்க, நம்பி வந்தேன். பேசி முடிச்சதும் நான் அங்க இல்லாத மாதிரி, என் எதிர்லயே என்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க."

கட்டு முடிகிற சமயத்தில் மாமா, "நான் பொய் சொல்ல மாட்டேன்மா. உனக்காக ஜெபிக்கறத என்னால விட முடியாது. அது என் விசுவாசம்" என்றார். அவரை ஒருமையில் மாமா கூப்பிட்டது அன்றிலிருந்துதான், மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

"பண்ணுங்க. எனக்குக் கேக்காம பண்ணுங்க" என்றார் நர்சம்மா. "நானும் உங்க புண்ணு ஆறணும்னு பண்ணிகினுதான் இருக்கேன், உங்களுக்குக் கேக்காம."

எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குள் அவரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பற்றி வருஷா வருஷம் பேசுகிறவர் மாமா. இந்தத் தடவை வேண்டாமே என்று போதகர் எவ்வளவோ சொன்னார். மாமா கேட்கவில்லை. என் கணவரும் பக்கத்துத் தறிக்காரர்களும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் இறக்கினார்கள். மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தை அவருக்கு. மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பிரசங்கத் தமிழை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"இத்தனை வருஷமா இந்த நாள்ல யூதருங்க யூதருங்கன்னு இங்க நின்னு பேசிகினு வந்தேன். அந்த வார்த்தைக்குப் பின்னால ஒரு ஆளு நிக்கும்னு எனக்குத் தோணல. இன்னைக்குக் காலைலகூட அந்த ஆளுதான் என் முதுகைக் கழுவி, கட்டுக் கட்டி அனுப்பிச்சுது. அன்னைக்குக் கூட்டத்துல நின்னு சிலுவையில அறையுங்கன்னு கத்தினது யாருன்னு கேட்டா, நான் என் பேரைத்தான் சொல்லணும். அவங்க பேரைச் சொல்லிட்டு நான் தப்பிச்சுகினு வந்துட்டேன்."

பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். உபதேசியாருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். போதகர் மட்டும் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கோயில் ஒலிபெருக்கி எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். மறுநாள் நர்சம்மா வழக்கம்போல் வந்து வேலையைத் தொடங்கினார்.

"நேத்து மைக் சத்தம் ஜாஸ்தி" என்றார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." கட்டுக் கட்டி முடித்ததும் போகாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. நான் கொடுத்த டீயைக் குடித்தார். மாமா கேட்டுக்கொண்டதற்காக, தங்கள் ஊர்ப் பெண்கள் பாடுகிற மலையாளப் பாட்டு ஒன்றை மெல்லிய குரலில் பாடினார். உள்ளே தறிச் சத்தம் நின்றது.

மாதர் சங்கத்தார் மறுபடியும் அவரை அழைத்தார்கள். போதகரின் மனைவி நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். நர்சம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து மரியாதையாகப் பேசினார், கூட்டத்துக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சபையில் சிலரும் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மாமாவின் புண் ஆறிற்று. தடியை ஊன்றி நடக்கவும் ஆரம்பித்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் காலமானபோது நர்சம்மா கோயிலுக்குள் வந்து எங்கள் குடும்பத்தோடு முன்வரிசையில் நின்றார். பிறகு வெம்பாக்கத்துக்கு மாற்றலாகிப் போய், சில வருஷங்களில் வேலையை விட்டுவிட்டு இஸ்ரேலில் இருந்த அக்காவிடம் போய்ச் சேர்ந்தார்.

ஒருவரையொருவர் மாற்ற முடியாது என்று தெரிந்தும், அந்த இரண்டு பேரும் தினமும் பேசினார்கள். அந்தப் பேச்சு என் வீட்டுக்குள், என் காதுபட நடந்தது. எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது அதுதான் என்று இந்த வயதில் தோன்றுகிறது. வராமல் இருக்க எல்லாக் காரணமும் இருந்தும் வெந்நீர் கேட்டு உள்ளே வந்த அந்தப் பெண்ணுக்கும், படுக்கையில் கிடந்தபடியே தன் வாயை அடக்கி அவர் சொல்வதைக் கேட்கப் பழகிய என் மாமனாருக்கும் நான் கடன்பட்டவள்.