போல் டான்ஸும் தேங்காயெண்ணெயும்

கம்பத்தைப் பிடித்துக் காற்றில் சுழலும் பெண்ணை ஃபோனில் பார்த்ததுமே எனக்கும் ஆசை வந்துவிட்டது. அஸ்தம்பட்டியில் போல் டான்ஸ் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே தொடைகள் கன்றிப்போயின. மனசு கேட்காமல், வகுப்புக்குக் கிளம்பும்போது அம்மா தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டார். துடைத்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் பாதிக் கம்பம் ஏறியதும் தொடை வழுக்கித் தலைகுப்புறச் சரிந்தேன். பயிற்சியாளர் தாங்கிப் பிடித்ததால் கழுத்து தப்பியது.

வீட்டில் சொன்னதும் அம்மா கண்கலங்கினார். "நானே உன்னய கீழ உழுக வெச்சுட்டனே, சாமி."

"போகவேண்டாம்னு மட்டும் சொல்லிராதம்மா."

"போயிட்டு வா கண்ணு. எண்ணெய ஊட்டுக்கு வந்தப்பறம் தேச்சுக்கலாம்."

இப்போது அப்படித்தான் செய்கிறோம். அடுத்த வாரம் தொடைப்பிடியில் மட்டும் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விடப்போகிறேன். அம்மாவும் பார்க்க வருகிறார்.